தஜ்மீர் என்னும் கொடுமை

அரபு அகராதியில் ஜீம், மீம், ரே என்னும் மூன்று எழுத்துகளின் கீழ்ப் பார்ப்போமாயின் பல சொற்கள் கிடைக்கும். 'ஜம்ர்' என்பது தணல். 'ஜம்ரா' என்பது சிறுகல். மினாவில் ஹாஜிகள் கல்லெறியும் இடங்களை ஜமராத் என வழங்குவதை யாவரும் அறிவர். ஒரு பெண் தன் கூந்தலை வாரிச் சேர்த்துப் பிடரியில் முடிந்துகொண்டால் அதற்கும் இவ்வேரிலிருந்து ஒரு வினைச்சொல் உண்டு. இவற்றுக்கிடையே 'தஜ்மீர்' என்றொரு சொல்லும் இருக்கிறது. படையினரை எதிரியின் எல்லையில் சேர்த்து நிறுத்திவைத்து, அவர்கள் தம் மனைவி மக்களிடம் திரும்பிப் போகாதவாறு தடுத்தல் என்று அதற்குப் பொருள் எழுதியுள்ளார்கள். ஹதீஸ்களில் வரும் அருஞ்சொற்களுக்கு விளக்கம் தந்த இப்னுல் அதீர் தமது 'நிஹாயா'வில் இப்பொருளையே தருகிறார்.

ஒரு கொடுமைக்குத் தனிப்பெயர் ஏற்படவேண்டுமாயின் அது பலமுறை நிகழ்ந்திருக்க வேண்டும். பலர் அதனால் துன்புற்றிருக்கவும் வேண்டும். இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டுப் போர்களைப் பற்றி நம் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. காதிஸிய்யாவில் வென்றவர் யார், நஹாவந்தில் வீழ்ந்தவர் யார் என்பதை மதரஸாவில் ஓதும் சிறுவனும் சொல்லிவிடுவான். வென்றவர் வீடு திரும்பினாரா, எத்தனை மாதங்களுக்குப் பின் திரும்பினார், யாரிடம் அனுமதி பெற்றார் என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும் உமையா ஆட்சியை அடிவேர் வரை ஆட்டிவைத்த பெருங்கலகம் ஒன்று இக்கேள்வியிலிருந்தே பிறந்தது.

முதலில் மற்றொரு சொல்லையும் பார்த்துவிடுவோம். 'காஃபிலா' என்பது நம்மவர்க்குப் பழகிய சொல். பயணக் கூட்டம் என்றே அதற்குப் பொருள் கொள்கிறோம். ஆனால் அதன் வேர்ச்சொல்லான 'குஃபூல்' என்பதற்குப் பயணம் புறப்படுதல் என்று பொருளன்று. திரும்பி வருதல் என்பதே பொருள். புறப்பட்டுச் செல்லும் கூட்டத்தையும் அரபியர் 'திரும்பி வருவது' என்றே அழைத்தனர். நலமாகத் திரும்பவேண்டும் என்ற நன்னிமித்தமாக அவ்வாறு பெயரிட்டனர் என்பர் மொழிநூலார். பாலைவனத்தில் வழியனுப்பிய தாயும் மனைவியும் இட்ட பெயராகவே அது எனக்குத் தோன்றுகிறது.

பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில் போருக்குச் செல்வது பெரும்பாலும் நாட்கணக்கில் அமைந்தது. மிகத் தொலைவுக்குச் சென்ற தபூக் பயணத்திலும் (ஹிஜ்ரி 9, கி.பி. 630) அவ்விடத்தில் தங்கியது ஏறத்தாழ இருபது நாட்களே. எனினும் வீடு திரும்புதல் பற்றி அவர்கள் தந்த வழிகாட்டுதல்கள் பல. போரிலிருந்து திரும்பும் பயணத்திற்கும் போருக்குச் சென்றது போன்ற நற்கூலி உண்டு என அவர்கள் அருளியதாக அபூதாவூதில் ஓர் ஹதீஸ் வருகிறது. நீண்ட நாள் பிரிந்திருந்தவர் முன்னறிவிப்பின்றி இரவில் வீட்டுக் கதவைத் தட்டலாகாது என்றும் தடுத்திருக்கிறார்கள். வீட்டிலிருப்பவள் தலைவாரித் தன்னை ஒழுங்கு செய்துகொள்ள அவகாசம் வேண்டுமல்லவா! ஊருக்குள் நுழைந்ததும் முதலில் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுவது அவர்களது வழக்கம். ஒரு மனிதர் வந்து, தம் பெயர் இன்ன போருக்கு எழுதப்பட்டுவிட்டது, ஆனால் தம் மனைவி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுவிட்டாள் என்று முறையிட்டபோது, மனைவியோடு ஹஜ்ஜுக்குப் போகுமாறு அவரை அனுப்பிவைத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பட்டியலில் ஏறிய பெயரைக்கூடக் குடும்பத்தின் பொருட்டு விலக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் (கி.பி. 634-644) நிலைமை முற்றிலும் மாறியது. ஷாம், இராக், மிஸ்ர், பாரசீகம் என்று படைகள் பரந்துசென்றன. பஸரா, கூஃபா, ஃபுஸ்தாத் ஆகிய பாசறை நகரங்கள் எழுந்தன. திவான் என்னும் பதிவேடு அமைத்து, வீரர் ஒவ்வொருவர் பெயரையும் அதில் எழுதி, அவருக்கும் குடும்பத்தாருக்கும் ஆண்டு மானியம் வழங்கும் முறையும் வந்தது. போருக்குச் செல்பவர் இனி நாட்கணக்கில் திரும்பமாட்டார். மாதங்கள், ஆண்டுகள் ஆகலாம்.

இக்காலத்தை ஒட்டிப் பலரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. இரவு நகர்வலம் சென்ற கலீஃபா அவர்கள், ஒரு வீட்டினுள் பெண்ணொருத்தி தனிமையில் பாடிக்கொண்டிருப்பதைக் கேட்டார்கள். கணவன் இல்லாத இரவு நீண்டுகொண்டே போகிறது என்றும், அல்லாஹ்வைப் பற்றிய அச்சமும் தன் நாணமும் இல்லையேல் தன் நிலை வேறாகியிருக்கும் என்றும் அப்பாட்டின் கருத்து. விசாரித்தபோது அவள் கணவர் படையில் இருப்பது தெரிந்தது. உமர் அவர்கள் தம் மகளார் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, ஒரு பெண் கணவனைப் பிரிந்து எத்துணைக் காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டார்கள். மகளார் நாணித் தலைகுனிந்தார்கள். உண்மையைக் கேட்பதில் நாணம் இல்லை என்று தந்தை வற்புறுத்தவே, நான்கு மாதம் என்று சைகையால் காட்டினார்களாம். நான்கு அல்லது ஆறு மாதம் என்றார்கள் என்பது மற்றோர் அறிவிப்பு. அதற்கு மேல் எவரையும் படையில் நிறுத்திவைக்கலாகாது என்று தளபதிகளுக்குக் கட்டளை பறந்தது. திருக்குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 226-ஆம் வசனம், மனைவியை நெருங்குவதில்லை என்று சத்தியம் செய்தவனுக்கு நான்கு மாதமே தவணை தருகிறது. அவ்வசனத்தின் விளக்கத்திலேயே இப்னு கதீர் இந்நிகழ்ச்சியையும் எடுத்துக் கூறுகிறார்.

ஹன்பலி மத்ஹபின் பெருநூலாகிய 'அல்முக்னீ'யில் இப்னு குதாமா இதன் கணக்கை விளக்குகிறார்: போவதற்கு ஒரு மாதம், தங்குவதற்கு நான்கு மாதம், திரும்புவதற்கு ஒரு மாதம். ஆக ஆறு மாதம். வழிநடைக்கும் கணக்கில் இடம் ஒதுக்கியிருப்பதைக் கவனிக்கவேண்டும். தக்க காரணமின்றி ஒருவர் ஆறு மாதத்திற்கு மேல் மனைவியைப் பிரிந்திருந்தால், அவள் கேட்கும்போது திரும்பி வருமாறு அவருக்கு எழுதவேண்டும் என்ற சட்டமும் இதிலிருந்தே பிறந்தது. சபுராளிகள் நிறைந்த நம் கடற்கரை ஊர்களில் கடல்கடந்து போனவரின் மனைவி பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம் ஆலிம்கள் எடுத்துக்காட்டும் சட்டம், பாசறைக்குப் போனவனுக்காக முதலில் எழுந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

மனைவியின் துயர் மட்டும் கலீஃபாவின் செவிக்கு எட்டவில்லை. கினானா குலத்து உமய்யா பின் அல்அஸ்கர் என்னும் முதியவருக்குக் கிலாப் என்றொரு மகன். அவர் இராக் போருக்குச் சென்றுவிட்டார். பார்வை மங்கிய தந்தை, மகனை எண்ணிப் புலம்பிக் கவி பாடினார். அது உமர் அவர்களின் உள்ளத்தை உருக்கிவிட்டது. மகனை அனுப்பிவைக்குமாறு கடிதம் சென்றது. கிலாப் மதீனாவுக்கு வந்ததும், உம் தந்தைக்கு எவ்வாறு பணிவிடை செய்வீர் என்று கேட்டார்கள். நல்ல கொழுத்த ஒட்டகத்தைத் தேர்ந்து, அதை ஓய்வெடுக்கவிட்டு, மடியைக் குளிரக் கழுவிய பின் பால் கறந்து கொடுப்பேன் என்றார். அவ்வாறே கறந்துவரச் சொல்லி, மகன் வந்திருப்பதைக் கூறாமல் அந்தப் பாலை முதியவரிடம் நீட்டினார்கள் உமர் அவர்கள். கிண்ணத்தை வாயருகே கொண்டுசென்ற முதியவர், இதில் கிலாபின் கைம்மணம் வீசுகிறது என்றாராம். அங்கிருந்தோர் அழுதனர். பெற்றோர் இருக்கும்வரை அவர்களோடு இருந்து ஊழியம் செய்யுமாறும், மானியம் தடையின்றி வந்துசேரும் என்றும் கூறி மகனை அனுப்பிவைத்தார்கள். அதப் நூல்கள் இக்கதையைச் சிறு வேறுபாடுகளுடன் கூறும். என் மாணவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் ஓர் அமைதி நிலவும்.

ஆனால் இவற்றையெல்லாம் விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, அபூதாவூத் தம் ஸுனனில் பதிந்துள்ள சிறு அறிவிப்பு ஒன்று. கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் அறிவிக்கிறார். அன்ஸாரிகளின் படையொன்று தம் தளபதியுடன் பாரசீக நாட்டில் இருந்தது. ஆண்டுதோறும் ஒரு படைக்கு மாற்றாக இன்னொரு படையை அனுப்புவது உமர் அவர்களின் வழக்கம். அவ்வாண்டு வேறு அலுவல்களில் அவர்களுடைய கவனம் சென்றுவிட்டது. மாற்றுப் படை வரவில்லை. தவணை கடந்ததும் அவ்வெல்லையில் இருந்தோர் தாமாகவே புறப்பட்டு மதீனாவுக்கு வந்துவிட்டார்கள்!

கலீஃபா கடுமையாகக் கடிந்துகொண்டார்கள், அச்சுறுத்தவும் செய்தார்கள். வந்தவர்களோ நபித்தோழர்கள். அவர்கள் அஞ்சவில்லை. உமரே, எங்களை மறந்துவிட்டீர். ஒரு கூட்டத்திற்குப் பின் மற்றொரு கூட்டத்தை அனுப்பவேண்டும் என்று அல்லாஹ்வின் தூதர் இட்ட கட்டளையை எங்கள் விஷயத்தில் கைவிட்டீர் என்று முகத்துக்கு நேரே கூறினார்கள். அறிவிப்பு இத்துடன் முடிந்துவிடுகிறது. கலீஃபா மறுமொழி சொன்னதாக அதில் இல்லை. தண்டித்ததாகவும் இல்லை. வீடு திரும்புவது தளபதி மனமிரங்கித் தரும் சலுகை என்று அத்தோழர்கள் கருதவில்லை. அது தமக்குரிய கடன், கொடுக்கத் தவறியவர் ஆட்சித்தலைவர் என்று கருதினார்கள். இந்த ஹதீஸை அபூதாவூத் மானியப் பதிவேட்டைப் பற்றிய பாடத்தில் வைத்திருப்பதும் பொருத்தமே. மானியம் எவ்வாறு வீரனின் உரிமையோ, திரும்பி வருவதும் அவ்வாறே.

ஆறு மாதம் என்றும் ஓராண்டு என்றும் இரு கணக்குகள் வருவதைக் கண்டு மயங்கவேண்டியதில்லை. எல்லையின் தொலைவும் காலமும் மாறுந்தோறும் தவணை மாறியிருக்கலாம். தவணை என ஒன்று இருந்தது என்பதே முக்கியம். உமர் அவர்கள் தம் ஆளுநர்களைப் பற்றி மக்கள் முன் ஆற்றிய உரையொன்று முஸ்னத் அஹ்மதிலும் அபூயூஸுஃபின் 'கிதாபுல் கராஜி'லும் உள்ளது. முஸ்லிம்களை அடித்து இழிவுபடுத்த வேண்டாம் என்று கூறிய அதே மூச்சில், அவர்களைத் தஜ்மீர் செய்து குழப்பத்தில் வீழ்த்தவேண்டாம் என்றும் அதில் எச்சரிக்கிறார்கள். அடிப்பதும் எல்லையில் முடக்கிவைப்பதும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டன.

அந்த எச்சரிக்கை நெடுங்காலம் நிலைக்கவில்லை. உஸ்மான் (ரலி) அவர்களின் இறுதியாண்டுகளைப் பற்றிய செய்திகளை எச்சரிக்கையுடன் படிக்கவேண்டும். வலுவற்ற அறிவிப்புகள் பல அவற்றில் கலந்துள்ளன. எனினும் ஹிஜ்ரி 34-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளில் தபரீ எழுதும் ஓர் ஆலோசனையைக் கூறாமல் செல்ல இயலாது. நகரங்களில் முணுமுணுப்பு மிகுந்தபோது கலீஃபா தம் ஆளுநர்களை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். பஸராவின் ஆளுநர் அப்துல்லாஹ் பின் ஆமிர் சொன்ன வழி, மக்களைப் போருக்கு அனுப்பி அங்கேயே தஜ்மீர் செய்துவிட வேண்டும் என்பது. தன் குதிரையின் முதுகுப் புண்ணையும் தன் தோலாடையின் பேனையும் தவிர வேறெதையும் நினைக்க ஒருவனுக்கும் நேரம் இராது என்றாராம். படைப்பணி அரசியல் கருவியாக மாறிய இடம் இது. எல்லையைக் காக்க ஆள் வேண்டும் என்பதற்காக அன்று, வீட்டில் இருந்தால் கேள்வி கேட்பான் என்பதற்காக ஒருவனை எல்லையில் வைப்பது!

உமையாக்கள் காலத்தில் எல்லை இன்னும் விலகிப் போயிற்று. போவதற்கு ஒரு மாதம் என்ற பழைய கணக்கு, கூஃபாவிலிருந்து ஸிஜிஸ்தானுக்குச் செல்பவனுக்குப் பொருந்தாது. இடைத்தொலைவு ஆயிரம் மைலுக்கு மேல். நாளுக்கு இருபது மைல் நடந்தாலும் ஏறத்தாழ இரண்டு மாத வழி. இச்சிக்கலுக்கு நேர்மையான தீர்வு ஒன்றும் இருந்தது. ஹிஜ்ரி 51-ல் (கி.பி. 671) பஸரா, கூஃபா இரண்டிலிருந்தும் சுமார் ஐம்பதாயிரம் பேரைக் குடும்பங்களோடு குராஸானில் குடியேற்றினார்கள் என்று பலாதுரீ எழுதுகிறார். வீட்டையே எல்லைக்குக் கொண்டுபோய்விட்டால் திரும்பும் கவலை இல்லையல்லவா?

ஆனால் எல்லா ஆளுநர்களும் இவ்வளவு சிந்திக்கவில்லை. ஹஜ்ஜாஜ் பின் யூஸுஃப் இராக்குக்கு ஆளுநராக வந்த ஹிஜ்ரி 75-ஆம் ஆண்டுக்குச் (கி.பி. 694) சற்று முன்பு, முஹல்லப் என்னும் பெருந்தளபதியின் கீழ் ராம்ஹுர்முஸில் காரிஜிய்யாக்களை எதிர்த்து நின்ற படையினர், ஆளுநர் பிஷ்ர் பின் மர்வான் இறந்துவிட்டார் எனக் கேட்டதும் கலைந்து ஊர் திரும்பினர். கூஃபாவாசிகள் நகருக்குள் வர அனுமதி கேட்டு எழுதினர், மறுக்கப்பட்டது. இரவு வரும்வரை வெளியில் காத்திருந்து இருளில் தத்தம் வீடுகளுக்குள் நுழைந்தனர். இரவில் கதவைத் தட்டலாகாது என்று நபிமொழி கற்ற சமுதாயத்தினர், இரவிலன்றி வீடு சேர வழியில்லாதவராயினர்!

இவர்கள் செய்தது சரியென்று நான் வாதிடமாட்டேன். அவர்கள் விட்டுவந்த களத்திற்கும் பஸராவுக்கும் இடையே பெரிய அரண் எதுவும் இல்லை. அன்ஸாரிகள் தவணை முடிந்த பின் வந்தார்கள். இவர்கள் தலைவர் மறைந்த தருணத்தைப் பயன்படுத்தி வந்தார்கள். ஆயினும் அதற்குக் கிடைத்த பதிலையும் பாருங்கள். மூன்று நாட்களுக்குள் முஹல்லபிடம் திரும்பாதவர் தலை போகும் என்று ஹஜ்ஜாஜ் அறிவித்தார். உமைர் பின் ளாபிஃ என்னும் முதியவர் வந்து, நான் நோயாளி, எனக்குப் பதில் என் வலிமைமிக்க மகனை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். உஸ்மான் (ரலி) அவர்களின் கொலை நாளில் அவருக்கிருந்த பங்கு ஹஜ்ஜாஜின் காதில் ஓதப்பட்டது. அவர் தலை வீழ்ந்தது. மக்கள் பாலத்தில் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு களம் நோக்கி ஓடினர்.

படையிலிருந்து தவறியவனுக்கான தண்டனை எவ்வாறு வளர்ந்தது என்று தாபிஈ பெருமகனார் ஷஅபீ ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். உமர், உஸ்மான், அலீ (ரலி) ஆகியோர் காலத்தில் அவன் தலைப்பாகையைக் கழற்றி மக்கள் முன் நிறுத்துவார்கள். அந்த வெட்கமே தண்டனை. முஸ்அப் வந்தபோது, இது போதாது என்று தலையையும் தாடியையும் மழிக்கச் செய்தார். பிஷ்ர் வந்தபோது, அவனைத் தரையிலிருந்து உயர்த்திக் கைகளைச் சுவரில் ஆணியால் அறையச் செய்தார். ஹஜ்ஜாஜோ இவையெல்லாம் விளையாட்டு எனக் கூறி, தலையை வெட்டத் தொடங்கினார். தலைப்பாகையிலிருந்து தலைக்கு வந்து சேர ஐம்பது அறுபது ஆண்டுகளே பிடித்தன.

ஹிஜ்ரி 79-ல் (கி.பி. 698) உபைதுல்லாஹ் பின் அபீபக்ரா தலைமையில் ஸிஜிஸ்தானிலிருந்து காபூல் திசைக்கு ஒரு படை சென்றது. அந்நாட்டு மன்னனை அரபு வரலாற்றாசிரியர்கள் ரத்பீல் என்று அழைக்கின்றனர். அவன் பின்வாங்கிப் பின்வாங்கிப் படையை மலைகளுக்குள் இழுத்து, கணவாய்களை அடைத்துவிட்டான். ஏழு இலட்சம் திர்ஹம் கொடுத்து வெளியேற வழி வாங்கவேண்டியதாயிற்று. பசியாலும் குளிராலும் மாண்டவர் பலர். 'ஜைஷுல் ஃபனா', அதாவது அழிவுப் படை, என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. எஞ்சியோர் முஸ்லிம்களின் எல்லையை அடைந்தபோது ஊரார் உணவோடு ஓடிவந்து எதிர்கொண்டனர். வயிறார உண்டவர்கள் உண்டவுடன் இறந்தனர். அதைக் கண்டு அஞ்சிய ஊரார், பின்னர் வந்தவர்களுக்கு நெய்யைச் சிறிது சிறிதாகக் கொடுத்து உடல் தேற்றினார்களாம்.

இத்தோல்விக்குப் பழிவாங்க, அடுத்த ஆண்டு ஹஜ்ஜாஜ் பஸராவிலிருந்து இருபதாயிரம், கூஃபாவிலிருந்து இருபதாயிரம் எனத் திரட்டினார். மானியத்தை முழுமையாகக் கொடுத்ததோடு, அதற்கு மேல் இருபது இலட்சம் திர்ஹம் செலவிட்டார். குதிரைகளும் ஆயுதங்களும் பளபளத்ததால் 'மயில்களின் படை' என்று மக்கள் அதை அழைத்தனர். கிந்தா குலத்து அப்துர் ரஹ்மான் பின் முஹம்மத் பின் அல்அஷ்அத் தளபதி. படியளக்கும் பொறுப்பில் உடன் சென்றவர் யார் தெரியுமா? இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் மாணவரும் தஃப்ஸீர் கலையின் பேரறிஞருமான ஸயீத் பின் ஜுபைர் (ரஹ்).

இப்னுல் அஷ்அத் முன்னவரின் தவற்றைச் செய்யவில்லை. கோட்டை கோட்டையாகப் பிடித்து, கணவாய்தோறும் காவல் வைத்து, தபால் தொடர்பையும் ஏற்படுத்திக்கொண்டு முன்னேறினார். ஓரளவு சென்றதும், இவ்வாண்டுக்கு இது போதும், நாட்டை நன்கு அறிந்துகொண்டு அடுத்த ஆண்டு மேலே செல்வோம் என்று நிறுத்தி, ஹஜ்ஜாஜுக்கும் எழுதினார். வந்த பதில் வசையாக இருந்தது. மேலே செல் என்று ஒரு கடிதம். உம்முடன் உள்ள முஸ்லிம்களை அங்கேயே உழுது பயிரிட்டுத் தங்கச் சொல்லும், அல்லாஹ் வெற்றி தரும்வரை அதுவே அவர்கள் வீடு என்று மற்றொரு கடிதம். மூன்றாவதில், செய்யாவிட்டால் தளபதிப் பதவி உம் சகோதரனுக்கு என்று எழுதியிருந்தது.

இரண்டாம் கடிதத்தின் அந்தச் சொற்களே நெருப்பு வைத்தன என்பது என் எண்ணம். குராஸானில் குடியேறியவர் குடும்பத்தோடு போனார்கள். இவர்களுடைய மனைவி மக்களோ ஆயிரம் மைலுக்கு அப்பால் பஸராவிலும் கூஃபாவிலும் இருந்தனர். அந்நிலையில், இதுவே உம் வீடு என்று ஒருவர் எழுதினால், அதற்கு முடிவுநாள் எது?

தளபதி படையினரைக் கூட்டிக் கடிதத்தை முன்வைத்தார். முதலில் எழுந்து பேசியவர் ஆமிர் பின் வாஸிலா என்னும் அபுத்துஃபைல் (ரலி). நபித்தோழர்களில் கடைசியாக இவ்வுலகை நீத்தவர் இவரே. அடிமையைக் குதிரையில் ஏற்றி அனுப்பியவன், அவன் செத்தால் செத்தான், பிழைத்தால் நமக்கு ஆதாயம் என்று இருப்பானே, ஹஜ்ஜாஜ் உங்களை அப்படித்தான் கருதுகிறார் என்றார். அடுத்து அப்துல் முஃமின் பின் ஷபத் எழுந்தார். இவருக்குக் கீழ்ப்படிந்தால் வாழ்நாள் முழுதும் இதுவே உங்கள் நாடாகிவிடும். ஃபிர்அவ்ன் தன் படைகளைத் தஜ்மீர் செய்ததுபோல் உங்களைச் செய்துவிடுவார், படைகளை அவ்வாறு முடக்கியவர்களில் முதல்வன் ஃபிர்அவ்னே என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உங்களில் பெரும்பாலோர் மடியும்வரை அன்புக்குரியவர்களைக் காணமாட்டீர்கள் என்றார். உமர் அவர்கள் எச்சரித்த அதே சொல், குழப்பம் பிறந்த அதே நொடியில் ஒரு வீரரின் வாயிலிருந்து வந்தது! நாற்பதாயிரம் பேரும் ஹஜ்ஜாஜை இராக்கிலிருந்து வெளியேற்ற உறுதிமொழி கொடுத்தனர். ரத்பீலுடன் சமாதானம் செய்துகொண்டு, படை மேற்கே திரும்பியது.

குராஸானின் ஆளுநராக இருந்த முஹல்லப் இச்செய்தியறிந்து ஹஜ்ஜாஜுக்கு எழுதிய கடிதம், போர்நூலறிவும் மனித உள்ளத்தின் அறிவும் கலந்தது. இராக்கியர் மேட்டிலிருந்து இறங்கும் வெள்ளம்போல் வருகிறார்கள். தாழ்ந்த இடம் சேரும்வரை அதைத் தடுக்க எதுவாலும் முடியாது. அவர்கள் மனைவி மக்களுக்காக ஏங்கி வருகிறார்கள். வீடு சேர்ந்து தம் குழந்தைகளை முகர்ந்து பார்க்கும்வரை விட்டுவிடும். அதன் பிறகு எதிர்த்து நில்லும் என்பது அதன் சாரம். ஹஜ்ஜாஜ் சினந்தார், முஹல்லப் தம் நன்மையை நாடி எழுதவில்லை என்று ஐயுற்றார். ஷாம் படையுடன் துஸ்தருக்குச் சென்று வெள்ளத்தின் குறுக்கே நின்றார். ஹிஜ்ரி 81 துல்ஹஜ் மாதம் பத்தாம் நாள் (கி.பி. 701 ஜனவரி), உலகம் ஈதுப் பெருநாள் கொண்டாடிய அன்று அவருடைய முன்படை சிதறியது. பின்வாங்கிய பின்னர் அக்கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்து, முஹல்லப் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டாராம்.

பிறகு நடந்தவை வரலாற்று நூல்களில் விரிவாக உள்ளன; சுருக்கமாகச் சொல்கிறேன். பஸராவும் கூஃபாவும் கலகக்காரர் கைக்கு வந்தன. குர்ஆன் ஓதுவோர் அணியொன்றே அவர்களோடு சேர்ந்தது. ஷஅபீயும் ஸயீத் பின் ஜுபைரும் அதில் இருந்தனர். தண்டனைகளின் கணக்கை நமக்குச் சொன்ன ஷஅபீ, தாமே அத்தண்டனைக்குரியோர் அணியில் நின்றவர் என்பதை நினைவிற்கொள்க. தைருல் ஜமாஜிமில் சுமார் நூறு நாட்கள் இரு படைகளும் எதிரெதிரே நின்றன. இடையில் கலீஃபா அப்துல் மலிக், ஹஜ்ஜாஜை நீக்கவும் ஷாம் படையினருக்கு இணையான மானியம் தரவும் முன்வந்தார். இராக்கியர் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் எத்தனை உயிர்கள் தப்பியிருக்கும்! வீடு திரும்பவேண்டும் என்று தொடங்கியது, வீடு சேர்ந்த பின்னும் நிற்கவில்லை. வெள்ளம் தாழ்நிலம் சேர்ந்ததும் வேகம் தணியும் என்று முஹல்லப் சொன்னதும் பலித்தது. அவர்கள் தோற்றனர்.

ஷஅபீ மன்னிப்புப் பெற்றார். ஸயீத் பின் ஜுபைர் (ரஹ்) பல ஆண்டுகள் மறைந்து திரிந்து, மக்காவில் பிடிபட்டு, ஹிஜ்ரி 95-ல் (கி.பி. 714) ஹஜ்ஜாஜின் முன் ஷஹீதானார். அதே ஆண்டில் ஹஜ்ஜாஜும் இறந்தார். இடைக்காலத்தில் அவர் பஸராவுக்கும் கூஃபாவுக்கும் நடுவே வாஸித் என்னும் புதுநகரைக் கட்டி, ஷாம் வீரர்களை அங்கே குடியமர்த்தியிருந்தார். இப்போது தம் ஊரைவிட்டு வந்து அயலூரில் காவலிருக்கும் முறை ஷாம்காரர்களுடையதாயிற்று.

உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) ஹிஜ்ரி 99-ல் (கி.பி. 717) ஆட்சிக்கு வந்தபோது, மஸ்லமாவின் தலைமையில் ஒரு பெரும்படை குஸ்தன்தீனிய்யாவின் மதில்களுக்கு வெளியே குளிரிலும் பசியிலும் வாடிக்கொண்டிருந்தது. சவாரிப் பிராணிகளையும் வேர்களையும் இலைகளையும் தின்னும் நிலை. திரும்பி வாருங்கள் என்று கலீஃபா கட்டளை அனுப்பினார். வெறும் கட்டளையோடு அமையவில்லை. திரும்பும் வழிக்காகக் குதிரைகளையும் ஏராளமான உணவையும் அனுப்பி, பொதுமக்களும் உதவவேண்டும் என ஊக்கினார் என்று தபரீ எழுதுகிறார். அழிவுப் படை திரும்பியபோது எல்லையூரார் தாமாகச் செய்ததை, இங்கே ஆட்சித்தலைவரே முன்கூட்டிச் செய்தார். போவதற்கு ஒரு மாதம், வருவதற்கு ஒரு மாதம் என்று வழிநடையையும் கணக்கில் சேர்த்தவரின் கொள்ளுப்பேரர் அல்லவா!

மலாத்தியாவுக்கு அப்பால் ரோம நாட்டினுள் நீண்டிருந்த துரந்தா என்னும் காவலூரில் குடியிருந்த முஸ்லிம்களையும், எதிரிகளால் தீங்கு நேரலாம் என்று அஞ்சி அவர் பின்னுக்கு அழைத்துக்கொண்டார். அவர்கள் மனமின்றியே வந்தனர். ஆக்ஸஸ் நதிக்கு அப்பால் மாவராஉன் நஹ்ரில் இருந்தோரையும் குடும்பங்களோடு திரும்பிவருமாறு குராஸான் அதிகாரிக்கு எழுதினார். அங்கே வேறொரு வியப்பு நேர்ந்தது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். மர்வ் நகரில் எங்களுக்கு இடம் போதாது என்பது அவர்கள் சொன்ன காரணம். எல்லையே அவர்களுக்கு ஊராகிவிட்டிருந்தது. இப்பதில் கிடைத்ததும், யா அல்லாஹ், என்மீதிருந்த கடமையை நான் செய்துவிட்டேன் என்று அவர் முறையிட்டார். பின்னர், முஸ்லிம்களை இனி மேலும் போருக்கு இட்டுச்செல்ல வேண்டாம், இதுவரை கிடைத்ததே அவர்களுக்குப் போதும் என்று அந்த அதிகாரிக்கு எழுதினார்.